கடைக் கணக்கை எழுதி உடைத்துப் பாருங்கள்: ஸ்டாட்டிக் டைப் மொழிகளை ஒப்பிட ஒரு வழி

"ஜாவா படிக்கலாமா, கோ படிக்கலாமா, ரஸ்ட் படிக்கலாமா?" என்று இணையத்தில் தேடினால் அட்டவணைகள்தான் வந்து விழும். வேகத்துக்கு ஐந்துக்கு நாலு, எளிமைக்கு ஐந்துக்கு மூன்று என்று மதிப்பெண் போட்டிருப்பார்கள். புதிதாக வருகிறவருக்கு அதில் ஒரு பயனும் இல்லை. இவை மூன்றும் ஸ்டாட்டிக் டைப் மொழிகள். அப்படிப்பட்ட மொழியை நாம் எடுப்பதே, நிரல் ஓடுவதற்கு முன்னால் கம்பைலர் (நாம் எழுதியதைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) தப்பைப் பிடித்துக் கொடுக்கும் என்பதற்காகத்தான். அப்படியென்றால் எந்தக் கம்பைலர் எந்தத் தப்பைப் பிடிக்கிறது, எதைக் கண்டும் காணாமல் விடுகிறது என்று பார்த்தாலே ஒப்பீடு தானாக வந்துவிடும். சின்னதாக ஒரு நிரல் எழுதி அதை வேண்டுமென்றே உடைத்துப் பார்ப்பதுதான் இங்கே சொல்லப்போகிற வழி. பைத்தானோ ஜாவாஸ்கிரிப்ட்டோ கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும்.

தொடங்கும் முன்

பைத்தானில் ஒரு வேரியபிளில் முதல் வரியில் எண்ணை வைத்துவிட்டு, அடுத்த வரியில் அதிலேயே ஒரு பெயரை வைக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். ஸ்டாட்டிக் டைப் மொழியில் வேரியபிளின் டைப், அதாவது அதில் இருப்பது எண்ணா எழுத்தா என்ற வகை, கம்பைல் ஆகும்போதே முடிவாகிவிடும், பிறகு மாறாது.

இதைக் கேட்டவுடன் பலரும் இரண்டு தப்பான முடிவுக்கு வருகிறார்கள். ஒன்று, எங்கே பார்த்தாலும் டைப்பை எழுதிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது. அந்தக் காலம் போய்விட்டது. ரொம்ப நாள் பிடிவாதமாக இருந்த ஜாவாகூட 2018இல் வந்த 10ஆம் பதிப்பில் 'வார்' என்று எழுத அனுமதித்துவிட்டது. வலப்பக்கம் இருப்பதைப் பார்த்து டைப் என்னவென்று கம்பைலரே தெரிந்துகொள்ளும். இன்னொன்று, ஸ்டாட்டிக் என்றாலே கண்டிப்பு என்பது. சி மொழி ஸ்டாட்டிக்தான். ஆனால் ஓர் எழுத்தையும் ஓர் எண்ணையும் கூட்டச் சொன்னால் முகம் சுளிக்காமல் கூட்டித் தரும். பைத்தான் ஸ்டாட்டிக் இல்லை; ஆனால் மேற்கோள் குறிக்குள் இருக்கும் "5" உடன் 5ஐக் கூட்டச் சொன்னால் மறுத்துவிடும். ஸ்டாட்டிக் என்ற ஒரே பெயருக்குள் இருக்கிற மொழிகளிலேயே கண்டிப்பில் அவ்வளவு ஏற்ற இறக்கம் உண்டு. நாம் அளக்கப் போவது அதைத்தான்.

மூன்று மொழிக்கு மேல் எடுக்காதீர்கள்

ஐந்தாறு மொழியை ஒரே நேரத்தில் பார்த்தால் எதுவும் மனதில் நிற்காது. வேலைக்காகப் படிக்கிறீர்கள் என்றால் ஜாவாவையோ சி ஷார்ப்பையோ கட்டாயம் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். வங்கி, காப்பீடு, பெரிய நிறுவனங்களின் உள்வேலைகள் எல்லாம் அவற்றில்தான் ஓடுகின்றன. இணையப் பக்கம் செய்ய ஆசை என்றால் டைப்ஸ்கிரிப்ட். ஆண்ட்ராய்டு என்றால் கோட்லின். 2019 முதல் கூகுள் அதைத்தான் முதலில் பரிந்துரைக்கிறது. ஐஃபோன் என்றால் ஸ்விஃப்ட், வேறு பேச்சில்லை. சர்வர் கருவிகள் என்றால் கோ. நினைவகத்தைத் தொட்டு வேலை செய்யும் மென்பொருள் என்றால் ரஸ்ட். இந்தக் கட்டுரையில் ஜாவா, கோட்லின், கோ, ரஸ்ட், டைப்ஸ்கிரிப்ட் ஐந்தையும் தொட்டுச் செல்கிறேன். நீங்கள் உங்களுக்கு வேண்டிய மூன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்போதே எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். கோ, ரஸ்ட், கோட்லின், டைப்ஸ்கிரிப்ட் நான்குக்கும் அந்தந்த மொழிக்காரர்களே 'பிளேகிரவுண்ட்' என்ற பெயரில் ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். பிரவுசரிலேயே எழுதி ஓட்டிப் பார்க்கலாம். பழைய லேப்டாப்பானாலும் பரவாயில்லை.

எழுத வேண்டிய நிரல்

ஒரு மளிகைக் கடையின் கணக்கு. வாடிக்கையாளருக்குப் பெயர் உண்டு. தொலைபேசி எண் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒவ்வொரு விற்பனைக்கும் பொருளின் எடை, விலை, பணம் வந்த விதம் என்று மூன்று விவரம். பணம் வந்த விதம் ரொக்கம், யூபிஐ, கடன் என்ற மூன்றில் ஒன்று. விற்பனைகளை ஒரு கோப்பிலிருந்து படித்து மொத்தத்தைக் காட்ட வேண்டும். கடன் வைத்தவரின் எண் இருந்தால் அவருக்கு அனுப்ப வேண்டிய செய்தியை அச்சிட வேண்டும். அவ்வளவுதான். எந்த மொழியிலும் நூறு வரியைத் தாண்டாது.

பணத்தை ரூபாயில் தசமமாக வைக்காமல் பைசாவில் முழு எண்ணாக வையுங்கள். கணினியின் தசமக் கணக்கில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். கடைக்காரர் ஏற்க மாட்டார்.

போகிற போக்கில் ஒரு விஷயம். வேரியபிளுக்குத் தமிழிலேயே 'கடன்' என்று பெயர் வைத்துப் பாருங்கள். ஜாவா, ரஸ்ட், டைப்ஸ்கிரிப்ட் மூன்றும் ஏற்றுக்கொள்ளும். கோ ஏற்காது. பெயரில் எழுத்தும் எண்ணும் மட்டுமே வரலாம் என்பது அதன் விதி. நம்முடைய புள்ளியும் துணைக்கால் கொம்புகளும் யூனிகோடில் எழுத்து என்ற வகைக்குள் வராமல் குறி என்ற வகைக்குள் போய்விட்டன. 'ன்' என்று எழுதிய இடத்தில் கோ நின்றுவிடும்.

முதல் உடைப்பு: தொலைபேசி எண் இல்லாத வாடிக்கையாளர்

இதில்தான் அதிக நேரம் செலவழியுங்கள். இல்லாத ஒன்றை எப்படிக் காட்டுவது என்ற கேள்விக்கு பிரிட்டிஷ் கணினி அறிஞர் டோனி ஹோர் 1965இல் ஆல்கால் டபிள்யூ என்ற மொழிக்காக 'நல்' என்று ஒரு விடை கொடுத்தார். செய்வதற்குச் சுலபமாக இருந்ததால் வைத்துவிட்டேன், அது நூறு கோடி டாலர் தவறு என்று 2009இல் அவரே மேடையில் சொன்னார். இன்றைக்கும் ஜாவா நிரல்கள் விழுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

ஜாவாவில் தொலைபேசி எண்ணின் டைப் 'ஸ்ட்ரிங்' என்று எழுதுவீர்கள். உள்ளே நல் இருந்தாலும் அதன் டைப் ஸ்ட்ரிங்தான். எண் இல்லாத வாடிக்கையாளர் ஒருவரைச் சேர்த்துவிட்டு, எண்ணின் நீளத்தைக் கேளுங்கள். கம்பைலர் ஒன்றும் சொல்லாது. ஓட்டினால் நல் பாயின்ட்டர் எக்ஸெப்ஷன் என்ற பிழை வந்து நிரல் விழும். 2014இல் வந்த 8ஆம் பதிப்பு முதல் 'ஆப்ஷனல்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அந்த ஆப்ஷனலே 'நல்' ஆக இருக்கலாம், அதைத் தடுப்பார் இல்லை.

அதே வேலையைக் கோட்லினில் செய்யுங்கள். எண் இல்லாமல் போகலாம் என்றால் டைப்புக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட வேண்டும். கேள்விக்குறி இல்லாத இடத்தில் நல் வைத்தால் கம்பைல் ஆகாது. கேள்விக்குறி உள்ளதன் நீளத்தை நேராகக் கேட்டாலும் ஆகாது. 'நல் இல்லை என்றால்' என்று ஒரு இஃப் போட்டுவிட்டால், அந்த இஃப்புக்குள் மட்டும் அதைச் சாதாரண ஸ்ட்ரிங்காக எடுத்துக்கொள்ளும். இரண்டு ஆச்சரியக்குறி போட்டு "எனக்குத் தெரியும், நீ விடு" என்று கம்பைலரை வாயடைக்கவும் முடியும். ஒரு நிறுவனத்தின் கோட்லின் நிரலில் அந்த இரட்டை ஆச்சரியக்குறி எத்தனை இடத்தில் இருக்கிறது என்று தேடிப் பார்த்தாலே அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

ரஸ்ட்டில் பாதுகாப்பாக எழுதும் நிரலில் நல் என்பதே கிடையாது. 'ஆப்ஷன்' என்ற உறைக்குள் எண் இருக்கும் அல்லது இருக்காது; பிரித்துப் பார்க்காமல் எண் கைக்கு வராது. டைப்ஸ்கிரிப்ட்டில் 'ஸ்ட்ரிக்ட்' என்ற அமைப்பைப் போட்டிருந்தால் கோட்லின் போலவே கண்டிப்பாக இருக்கும், அது அணைந்திருந்தால் ஜாவாஸ்கிரிப்ட் போலவே விட்டுவிடும்.

கோ மொழியில் நடப்பது வேறு மாதிரி. எதையும் வைக்காத ஸ்ட்ரிங் வெற்று ஸ்ட்ரிங்காக இருக்கும், நிரல் விழாது. அது நல்லதா? கடன் நினைவூட்டல் எண்ணே இல்லாத ஒருவருக்குப் போனதாக அச்சாகும், அடுத்த வரிக்குப் போய்விடும். விழுந்தாலாவது தெரியும். பாயின்ட்டர் (மதிப்பு இருக்கும் இடத்தின் முகவரி) வைத்து எழுதினால் எண் இருக்கிறதா இல்லையா என்று பிரித்துக் காட்டலாம்; அப்போது ஜாவாவைப் போலவே ஓடும்போது விழும் அபாயமும் கூடவே வரும்.

இரண்டாம் உடைப்பு: கடைக்குக் கார்டு மெஷின் வந்துவிட்டது

ரொக்கம், யூபிஐ, கடன் என்று மூன்றுக்கும் தனித்தனியாக என்ன செய்வது என்று எழுதியிருப்பீர்கள். இப்போது கார்டு என்று நாலாவதைச் சேர்த்துவிட்டு, வேறு எதையும் தொடாமல் கம்பைல் செய்யுங்கள்.

ரஸ்ட் உடனே நிறுத்தும். 'கார்டு நாட் கவர்ட்' என்று எந்த இடத்தில் விட்டுப்போனது என்பதைக் கோடு போட்டுக் காட்டும். பிழைக்கு ஈ0004 என்று ஓர் எண்ணும் தரும். அந்த எண்ணைக் கொடுத்து விளக்கம் கேட்டால் உதாரணத்தோடு பாடமே நடத்தும். கோட்லினும் இதைப் பிடிக்கும். ஜாவாவில் நீங்கள் எப்படி எழுதினீர்கள் என்பதைப் பொறுத்தது. 2020இல் வந்த 14ஆம் பதிப்பின் புது ஸ்விட்ச்சை, ஒரு மதிப்பைத் திருப்பித் தரும்படி எழுதியிருந்தால் பிடிக்கும். பழைய பாணியில் 'கேஸ்', 'பிரேக்' என்று எழுதியிருந்தால் கார்டு விற்பனை சத்தமில்லாமல் நழுவிப் போகும். டைப்ஸ்கிரிப்ட்டில் ஸ்ட்ரிக்ட் இருந்து, ஃபங்ஷன் என்ன டைப்பைத் திருப்பித் தரும் என்றும் எழுதியிருந்தால் பிடிக்கும். அதை எழுதாமல் விட்டால் தப்பித்துவிடும். கோ மொழியில் இப்படிப்பட்ட பட்டியலுக்கென்று தனி டைப்பே இல்லை. எண்களுக்குப் பெயர் வைத்துச் சமாளிக்க வேண்டும். கம்பைலர் எதுவும் சொல்லாது.

என்னைக் கேட்டால் ஒரு மொழியை எடுப்பதற்கு இந்த உடைப்பைத்தான் முதலில் பார்ப்பேன். 'நல்' தரும் தொல்லையைக் கவனமாக இருந்து ஓரளவு தவிர்க்கலாம். ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர் நாலாவதைச் சேர்க்கும்போது, நிரலில் எங்கெங்கே திருத்த வேண்டும் என்ற பட்டியலைக் கம்பைலர் தானாகக் கொடுத்தால் மிச்சமாகிற நேரம் கொஞ்சநஞ்சம் இல்லை.

மூன்றாம் உடைப்பு: கிராமும் பைசாவும்

எடையும் முழு எண், விலையும் முழு எண். இரண்டையும் இடம் மாற்றிக் கொடுங்கள். எந்த மொழியும் பிடிக்காது, ஏனென்றால் இரண்டும் வெறும் எண் என்றுதானே சொன்னீர்கள்? 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை அடையும் நேரத்தில் தொலைந்துபோனது இப்படித்தான். ஒரு மென்பொருள் பவுண்டு கணக்கில் கொடுத்த விசையை, மற்றொன்று நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது.

இப்போது பைசாவுக்கு ஒரு டைப், கிராமுக்கு ஒரு டைப் என்று தனியாகச் செய்யுங்கள். இதில் கோ அழகாக இருக்கும். ஒரே வரியில் புது டைப் உண்டாக்கலாம். பைசாவோடு கிராமைக் கூட்டினால் 'மிஸ்மேட்ச்டு டைப்ஸ்' என்று மறுத்துவிடும். ரஸ்ட்டில் ஒரு ஸ்ட்ரக்ட், ஜாவாவில் ஒரு ரெக்கார்டு, கோட்லினில் ஒரு வேல்யூ கிளாஸ் என்று கொஞ்சம் கூடுதல் எழுத்து வேலை. டைப்ஸ்கிரிப்ட்டில்தான் ஏமாந்துவிடக் கூடாது. பைசா என்று ஒரு டைப், கிராம் என்று ஒரு டைப் எழுதலாம், பார்ப்பதற்கு அழகாகவும் இருக்கும். ஆனால் இரண்டும் உள்ளே 'நம்பர்' என்பதால் ஒன்றை இன்னொன்றின் இடத்தில் வைத்தால் சம்மதித்துவிடும். அந்த மொழி டைப்பின் பெயரைப் பார்ப்பதில்லை, அதற்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. ரஸ்ட்டிலும் 'டைப்' என்ற சொல்லைப் போட்டு எழுதினால் வெறும் புனைபெயர்தான் கிடைக்கும்.

நாலாம் உடைப்பு: கோப்பைக் காணோம்

கோப்பின் பெயரை மாற்றிவிட்டு ஓட்டுங்கள். ஜாவாவில், கோப்பு இல்லாவிட்டால் என்ன செய்வது என்று எழுதாமல் கம்பைலே ஆகாது. அதனால் பலர் ஒரு வெற்று 'கேட்ச்' எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள், அது வேறு கதை. கோட்லின் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. கோ மொழியில் பிழை வரக்கூடிய ஒவ்வோர் அழைப்பும் விடையோடு சேர்த்து ஒரு பிழையையும் கையில் கொடுக்கும். 'இஃப் எர் != நில்' (நில் என்பது கோ மொழியின் நல்) என்று மூன்று வரி, அதற்கடுத்த அழைப்புக்கு இன்னொரு மூன்று வரி. பக்கம் முழுக்க அதுதான் இருக்கும். பிழையை வாங்கி வைத்துவிட்டு எங்குமே பயன்படுத்தாவிட்டால் கம்பைல் ஆகாது. ஆனால் அதே வேரியபிளை மேலே எங்காவது ஒருமுறை பார்த்திருந்தால், இரண்டாவது முறை பார்க்காமல் விட்டதைக் கம்பைலர் கவனிக்காது. ரஸ்ட் கோப்பையும் பிழையையும் ஒரே உறைக்குள் வைத்துத் தருகிறது. பிரிக்காமல் கோப்பைத் தொட முடியாது. பிழையை மேலே அனுப்ப ஒரு கேள்விக்குறி போதும்.

ஐந்தாம் உடைப்பு: இரண்டு கல்லா, ஒரே மொத்தம்

இரண்டு கோப்புகளை ஒரே நேரத்தில் படித்து, இரண்டும் ஒரே மொத்தத்தில் கூட்டும்படி செய்யுங்கள். புதியவர்களுக்கு இது கொஞ்சம் கடினம். முடியாவிட்டால் தாண்டிப் போகலாம். ஜாவாவிலும் கோட்லினிலும் கோ மொழியிலும் கம்பைல் ஆகும், ஓடும், மொத்தம் ஒருமுறை சரியாகவும், மறுமுறை இரண்டும் ஒரே நேரத்தில் எழுதி மோதியதால் குறைவாகவும் வரும். கோ மொழியில் 'ரேஸ்' என்ற கொடியை (கட்டளையோடு சேர்த்து எழுதும் குறி) போட்டு ஓட்டினால், அந்த ஓட்டத்தில் மோதல் நடந்திருந்தால் சொல்லிவிடும். ரஸ்ட் மட்டும் கம்பைலே செய்யாது. அந்த மொழியைக் கற்பது கஷ்டம் என்று எல்லோரும் சொல்வதற்கும் இதற்கும் ஒரே காரணம்தான்: எந்த மதிப்பு யாருக்குச் சொந்தம், யார் இரவல் வாங்கியிருக்கிறார் என்று ஒவ்வொரு வரியிலும் கணக்குக் கேட்கும். முதல் சில வாரம் கோபம் வரும். டைப்ஸ்கிரிப்ட்டில் சாதாரணமாக எழுதும் நிரல் ஒரே திரெட்டில் (ஒரு நேரத்தில் ஒரே வேலையாக) ஓடுவதால், இந்த மாதிரிக் கூட்டலில் மோதல் வராது.

யாரும் பிடிக்காதது

32 பிட் முழு எண்ணில் அதிகபட்சம் 2,147,483,647 வரைதான் வைக்கலாம். பைசாவில் பார்த்தால் 2 கோடியே 14 லட்சத்துச் சொச்சம் ரூபாய். ஒரு மொத்த வியாபாரக் கடையின் ஆண்டு விற்பனை அதை எளிதாகத் தாண்டும். ஜாவாவின் 'இன்ட்'டில் மொத்தத்தை வைத்து, அந்த எல்லையைத் தாண்டும்படி விற்பனைகளைச் சேர்த்துப் பாருங்கள். மொத்தம் எதிர்ம எண்ணாகிவிடும், ஒரு சத்தமும் வராது. ரஸ்ட் சோதனை ஓட்டத்தில் நிரலை நிறுத்தும், ஆனால் ரிலீஸ் ஓட்டத்தில், அமைப்பை மாற்றாவிட்டால், அதுவும் சுற்றி வந்துவிடும். ஸ்விஃப்ட் மட்டும், அமைப்பை மாற்றாவிட்டால், இரண்டிலும் நிறுத்திவிடும். கம்பைல் ஆகும்போது யாராலும் பிடிக்க முடியாது, ஏனென்றால் எத்தனை விற்பனை வரும் என்று கம்பைலருக்குத் தெரியாது. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் கிளம்பி 40 விநாடி வாக்கில் வெடித்துச் சிதறியது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்தில் திணித்ததுதான் அதற்குக் காரணம். அந்த மென்பொருள் எழுதப்பட்டிருந்தது ஏடா என்ற மொழியில். ஸ்டாட்டிக் டைப் மொழிகளிலேயே மிகவும் கண்டிப்பானவற்றில் ஒன்று அது. பைசா மொத்தத்துக்கு 64 பிட் எண்ணை வையுங்கள், அதோடு டெஸ்ட்டும் எழுதுங்கள்.

டைப்ஸ்கிரிப்ட்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதன் டைப்கள் எல்லாம் கம்பைல் ஆனதும் மறைந்துவிடும், ஓடுவது ஜாவாஸ்கிரிப்ட்தான். கோப்பிலிருந்து படித்த ஜேசனில் விலை எண்ணாக இல்லாமல் எழுத்தாக இருந்தால், நீங்கள் போட்ட டைப் அதைத் தடுக்காது. வெளியிலிருந்து வரும் தரவைத் தனியாகச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

எதை எடுப்பது

உடைத்துப் பார்க்கும்போதே பிழைச் செய்தியை எத்தனை முறை படித்தால் புரிகிறது, கம்பைல் ஆக எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். கோ கண் இமைப்பதற்குள் கம்பைல் ஆகும். ரஸ்ட் நிரல் பெரிதாகப் பெரிதாகக் காத்திருக்க வைக்கும். மேலே கோ மொழியைப் பல இடத்தில் குறை சொல்லியிருக்கிறேன். ஆனால் அதில் முக்கியச் சொற்கள் 25தான், ஒரு வாரத்தில் அடுத்தவர் எழுதியதைப் படிக்க முடியும், முடிவில் கிடைப்பது அதே வகை சர்வர் எதிலும் அப்படியே வைத்து ஓட்டக்கூடிய ஒரே கோப்பு. பலர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் அதெல்லாம் பெரிய விஷயம்.

முதல் ஸ்டாட்டிக் டைப் மொழியாக எதைப் படிக்கலாம் என்றால் நான் கோட்லினைச் சொல்வேன். 'நல்' தப்பையும், கார்டு போல விட்டுப்போன வகையையும் பிடிக்கிறது, ரஸ்ட் அளவுக்குக் கணக்குக் கேட்பதில்லை, ஜாவா நூலகங்கள் அத்தனையும் கையில் இருக்கும். அடுத்த மாதமே வேலைக்குப் போக வேண்டும் என்றால் ஜாவாவிலேயே தொடங்குங்கள். புது ஸ்விட்ச், ரெக்கார்டு இரண்டையும் முதல் நாளிலிருந்து பழகிக்கொண்டால் பாதிக் குறை தீர்ந்துவிடும். ஏற்கெனவே ஜாவாஸ்கிரிப்ட்டில் வேலை செய்கிறவர் வேறெதையும் தேட வேண்டாம், டைப்ஸ்கிரிப்ட்தான். ரஸ்ட்டை இரண்டாவது மொழியாக வைத்துக்கொள்ளலாம்.

மொழியை முடிவு செய்ததும், ஒரு வரிகூட எழுதுவதற்கு முன் அதன் கண்டிப்பை முழுதாகத் திறந்துவிடுங்கள். டைப்ஸ்கிரிப்ட்டில் ஸ்ட்ரிக்ட். கோட்லினிலும் சி ஷார்ப்பிலும் எச்சரிக்கைகளைப் பிழையாக நடத்தச் சொல்லும் அமைப்பு. ஜாவாவில் எல்லா லின்ட் எச்சரிக்கையும் (சந்தேகமான வரிகளைச் சுட்டிக்காட்டுபவை). கோ மொழியில் தப்பைத் தேடும் 'வெட்' கட்டளையும், டெஸ்ட் ஓட்டும்போது ரேஸ் கொடியும். ரஸ்ட்டில் கிளிப்பி என்ற சரிபார்க்கும் கருவி. நிரல் பத்தாயிரம் வரியான பிறகு இவற்றைப் போட்டால் பிழைகள் நூற்றுக்கணக்கில் கொட்டும். அப்போது யாரும் உட்கார்ந்து திருத்த மாட்டார்கள், திரும்ப அணைத்துவிடுவார்கள்.